இருபத்திரண்டாவது நாற்காலி

அக்டோபர் 14
நான்காவது நாளாகப் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து, வாசலில் கோரிக்கை அட்டை பிடித்து நிற்கிறார்கள். நானும் மகள் ட்ரூடியைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள். இருபத்திரண்டுக்கு மேல் கூடாது என்கிறது ஆசிரியர் சங்கம். நியாயம்தானே? வீட்டில் ஓயாமல் பேசுகிற என் ஆறு வயசுக்காரி பள்ளியில் வாயே திறப்பதில்லை. வகுப்பு ஆசிரியை மிஸ் கோவால்ஸ்கி மட்டும்தான் அவளருகே குனிந்து, பதிலுக்காகக் காத்திருக்கிறார். போன வாரம் தலையசைத்தாளாம்.

தோழி ரெனாட்டா எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தாள். அவள் மகள் மிலாவுக்கும் ட்ரூடிக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. "நீ போடுற கூச்சல்ல சங்கத் தலைவரே மிரண்டுட்டார்டி" என்றாள்.

அக்டோபர் 21
ஜெயித்துவிட்டோம். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. இருபத்திரண்டு.

அக்டோபர் 28
கடைசியாகச் சேர்ந்த ஐந்து பேரை வேறு வகுப்புக்கு மாற்றுகிறார்கள். நாங்கள் இந்த ஊருக்கு வந்ததே செப்டம்பர் கடைசியில். எப்படி எனக்கு இது தோன்றாமல் போயிற்று?

மிஸ் கோவால்ஸ்கியிடம் கெஞ்சினேன். ஆசிரியர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் கூடுதலாக ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. "ஒருத்திக்குப் போட்டா, நாளைக்கு எல்லா டீச்சரையும் போடச் சொல்லுவாங்க. அப்புறம் குளிர்ல எதுக்கும்மா நின்னோம்?" கண் கலங்கித்தான் சொன்னார். போடவில்லை.

நவம்பர் 12
புதிய வகுப்பு சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில். நிரந்தர ஆசிரியர் இன்னும் வரவில்லை. வாரத்துக்கு ஒரு தற்காலிக ஆசிரியர். கழிப்பறைக்குப் போகக் கேட்க முடியாமல் ட்ரூடி உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டாள். "இவ என்ன ஊமையா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டிருக்கிறாள் இந்த வாரத்து ஆசிரியை. இப்போது வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது.

நவம்பர் 13
அலுவலகத்தில் விசாரித்தேன். பழைய வகுப்பில் இடம் காலியானால் முதலில் ட்ரூடிக்குத்தான். "ஆனா யாராவது போகணுமே, மேடம்."

நவம்பர் 19
ரெனாட்டா சிரித்துக்கொண்டே சொன்னாள் — அவர்கள் இந்தப் பள்ளியின் எல்லைக்குள் குடியிருக்கவே இல்லையாம். எல்லைக்கு வெளியே இருந்தால் இங்கே சேர்க்க மாட்டார்கள். கொடுத்திருப்பது அவள் அக்காவின் முகவரி. "பாலத்துக்கு அந்தப் பக்கப் பள்ளிக்கு என் நாயக்கூட அனுப்ப மாட்டேன். யார்கிட்டயும் உளறிடாதடி."

பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். நானும் செய்திருப்பேன்.

நவம்பர் 24
பொய் முகவரி பற்றிப் புகார் சொல்லத் தனித் தொலைபேசி எண் இருக்கிறது. நம் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

இல்லை. மாட்டேன். நான் என்ன மனுஷியா, பேயா?

நவம்பர் 25
ட்ரூடி இன்றும் உடையை நனைத்துக்கொண்டு வந்தாள்.

டிசம்பர் 3
ரெனாட்டா என் சமையலறை மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். பள்ளி நிர்வாகத்தின் ஆள் ஒருவர் விடியலில் அவள் தெருவில் காரை நிறுத்தி, மிலா எந்த வீட்டிலிருந்து கிளம்புகிறாள் என்று பார்த்திருக்கிறார். பெயரை நீக்கிவிட்டார்கள். "யாருடி இத செஞ்சிருப்பாங்க?"

காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

டிசம்பர் 8
ட்ரூடி மறுபடி மிஸ் கோவால்ஸ்கியிடம்.

டிசம்பர் 11
மிஸ் கோவால்ஸ்கி தொலைபேசியில் அழைத்தார். குரலில் அப்படியொரு பூரிப்பு. "பேசிட்டாம்மா. முழு வாக்கியம். வகுப்பு பூரா கேட்டுச்சு."

என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"'மிலாவ எங்க அனுப்பிட்டீங்க?'ன்னா."