இரண்டு கர்னல்கள், ஒரு நாற்காலி

போர்ட் ஹார்கோர்ட்,
மார்ச் 4, 1991

அடி என் அசாபே,

நான் நலம். உன் நலத்தை ரேடியோவே சொல்லிடுது, நான் வேற கேக்கணுமா? சோத்தை வாயில வெச்சேன், "கர்னல் அசாபேயின் ஆராய்ச்சி"ன்னு ஆரம்பிச்சுட்டான். போர்முனையில டாக்டருக்குக் காத்திருக்காம நர்ஸே ரத்தம் ஏத்தலாம்னு நிரூபிச்சிட்டியாம். அமைச்சரே எந்திரிச்சு கை தட்டினாராம். வயிறு எரிஞ்சுதுடி எனக்கு, மறைச்சு என்ன பண்ண? நானும்தான் முந்நூறு படுக்கை ஆஸ்பத்திரியைக் கட்டி மேய்க்கிறேன். எந்த அமைச்சர் எந்திரிச்சார்?

விஷயத்துக்கு வரேன். நம்ம படையோட நர்சிங் டைரக்டர் அம்மா மே மாசம் ஓய்வு பெறுறாங்க. அந்த நாற்காலிக்கு நீயும் நானும்தான். படை வழக்கம் உனக்குத் தெரியும். ஒண்ணா சேர்ந்தவங்கள்ல ஒருத்தி மேல போனா, மத்தவ அவளுக்கு சல்யூட் அடிக்காம சீருடையைக் கழட்டிட்டுப் போயிடணும். நான் எப்படிடி கழட்டுவேன்? புருஷன் போயாச்சு, பிள்ளைங்க லண்டன்ல. எனக்கு இதுதான் இருக்கு.

பொறாமையும் பாசமுமா,
இபிசோ

---

கடூனா,
மார்ச் 19, 1991

அன்புள்ள இபிசோ,

படிச்சு சிரிச்சேன். கடைசிப் பத்தியில சிரிப்பு நின்னுடுச்சு.

உன் நிர்வாகத்தைப் பத்தி எனக்கா சொல்றே? நீ வார்டுக்குள்ள வந்தா நோயாளியே எந்திரிச்சு விரிப்பை இழுத்து விடுறான். என் வார்டுல கோழி மேஞ்சுது, மறந்துட்டியா? அதனாலதான் என்னை ஆராய்ச்சிக்குத் தள்ளிவிட்டாங்க.

தேர்வுக் குழு முன்னாடி போய் நிப்போம், நடக்கிறது நடக்கட்டும். மீன் சூப்புல உப்பைக் குறை. உனக்கு ரத்த அழுத்தம்.

உன்,
அசாபே

---

போர்ட் ஹார்கோர்ட்,
ஜூன் 3, 1991

அசாபே,

நான் பிரிகேடியர்! டைரக்டர்! நேத்து ஆடு வெட்டினோம், பேண்டு வாசிச்சாங்க, இந்த வயசுல ஆடினேன்டி. எனக்கு வந்ததைவிட உனக்கு வரலைன்னுதான் அதிகமா ஆடினேன். கோவிச்சுக்கோ.

காலையில தலைமையகத்துலேருந்து ஒரு மேஜர் வாழ்த்த வந்தான். "நல்ல வேளை மேடம், கர்னல் அசாபே தேர்வுக் குழு கூடுறதுக்கு முதல் நாளே போட்டியிலேருந்து விலகிட்டாங்க"ங்கிறான். நான் அழுது எழுதினேன்னு பிச்சை போட்டியா? நீ என்கிட்ட தோத்திருக்கணும்டி! விட்டுக் கொடுக்க நீ யாரு? ஆட்டுக்கறி இன்னும் தொண்டையிலேயே நிக்குது.

இபிசோ

---

கடூனா,
ஜூன் 17, 1991

இபிசோ,

திட்டு, வாங்கிக்கிறேன். ஆனா பொய் சொல்ல எனக்கு வராது. நான் உனக்காக விலகலை.

சுகாதார அமைச்சகத்துல கூப்பிட்டாங்க. நர்ஸ் ரத்தம் ஏத்தலாம்ங்கிற விதியை நாட்டுல எல்லா ஆஸ்பத்திரிக்கும் எழுதித் தரணுமாம். பிரசவத்துல ரத்தம் போய் எத்தனை பொண்ணுங்க டாக்டருக்குக் காத்திருந்தே செத்தாங்கன்னு நீயும் பாத்திருக்கே. இதை விட்டுட்டு அந்த நாற்காலியில உக்கார எனக்கு மனசே இல்லை. அது உனக்குத்தான் பொருத்தம்.

ஓய்வு விண்ணப்பம் அனுப்பியிருக்கேன். டைரக்டர் கையெழுத்து வேணும். ஜூலை முதல் தேதி லாகோஸ்ல சேரணும், சீக்கிரம் போடு.

அசாபே

---

லாகோஸ்,
ஜூன் 28, 1991

அசாபே,

பிச்சைன்னு நெனச்சேன். பிச்சையா இருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். நான் ஆயுசு பூரா ஏங்கினதை நீ வேணாம்னு தாண்டிப் போயிட்டே. இப்ப உன் வேலை மேலயும் எனக்குப் பொறாமை. சொல்லிட்டேன்.

உன் விண்ணப்பம் நாலு நாளா இங்க தலைமையகத்துல என் புது மேஜையில கிடந்துது. கையெழுத்துப் போடலைன்னா நீ படையிலேயே இருப்பே, எனக்குக் கீழே. தினம் காலையில வந்து எனக்கு சல்யூட் அடிப்பே. அதை நெனச்சு நெனச்சுத்தான் வெச்சிருந்தேன்.

இன்னிக்குக் காலையில பிரசவ வார்டைச் சுத்திப் பாக்கப் போனேன். ஒருத்தி டாக்டருக்குக் காத்துக்கிட்டிருந்தா. ரத்தப் பாட்டில் கையில ரெடியா இருந்தும் நர்ஸ் விதிக்குப் பயந்து நின்னா. நான் ஏத்தச் சொன்னேன். பொழைச்சுக்கிட்டா. திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன்.

படையை விட்டுப் போயிட்டு வான்னு சொல்ல வாய் வரலை. போ.

பிரிகேடியர் இபிசோ