நோவு ஒட்டாத ஸ்வெட்டர்

ஜமுனாமரத்தூர்,
வியாழன் காலை.

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

ஜவ்வாது மலையின் பழந்துணிச் சக்கரவர்த்தி உஸ்மானின் சலாம். உங்கள் முழங்கால் எப்படி? பேத்தி மர்யமின் இருமல் நின்றதா? புற்று தின்றது போக மிஞ்சிய என் அரைத் தாடை, ஒன்பது பேர் பேச்சைத் தனியாகப் பேசுகிறது.

பழைய துணி விற்ற காசில் வாய்ப்புற்றுப் பரிசோதனை முகாம் நடத்தும் என் இரண்டு கடைகளும் நலம். போன வாரம் ஒரு வேடிக்கை. அதெல்லாம் புற்றில் செத்தவர்கள் துணி, உடுத்தினால் நோவு ஒட்டும் என்று எவனோ கிளப்பிவிட்டான். வாடிக்கைக்காரி கெங்கம்மாள், தான் வாங்கிய ரோஜா நிற ஸ்வெட்டரைக் கொண்டுவந்து வீசினாள். அதை நானே மாட்டிக்கொண்டு, ஏழு மலைக்கும் கேட்கும்படி சந்தையில் முழங்கினேன்:

“ஒட்டுற நோவா இது? எங்க அக்கா என்கூட ஒரே தட்டுல துன்னாங்க, கல்லு மாதிரி கீறாங்க! எனக்கு இந்த நோவக் குடுத்தது புகையிலை!”

கூட்டம் கலைந்ததும் கெங்கம்மாள் கிட்டே வந்தாள். “பாய், எனக்குக் கன்னத்துக்குள்ள ஒரு புண்ணு. மூணு மாசமா ஆறல.”

இன்று அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன்.

முகாமுக்கு வருகிறவர்கள் தங்கள் வாயைப் பார்த்துக்கொள்ளப் பத்து கைக்கண்ணாடி அனுப்புங்கள். உங்கள் கஞ்சிப் பக்குவத்தையும் எழுதுங்கள். இங்கே வைக்கும் கஞ்சி இறங்க மறுக்கிறது; பக்கத்தில் திட்ட ஆளில்லாததால் இருக்கலாம்.

பஸ் கிளம்புகிறது. ஜன்னலிலிருந்து கெங்கம்மாள் கத்துகிறாள்: “இன்னா பாய், பயமா கீதா?”

எனக்குத்தான் அக்கா, கொஞ்சம். அதனால் வேலூர் வரை அவளிடம் வாய் மூடாமல் அளக்கப் போகிறேன்.

தம்பி உஸ்மான்