கடல்ராணி டாக்கீஸில் நான் அடித்த விசில்

அனுப்புநர்:
செ. சண்முகத்தாய்,
க/பெ. செந்தூர்வேல்,
தையல் கடை, கடல்ராணி டாக்கீஸ் பின்தெரு,
மில்லர்புரம், தூத்துக்குடி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: என் மகள் ரம்யாவின் முதல் பட்டதாரிச் சான்றிதழ், நான் விசிலடித்த காரணத்தால் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது – விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

விசிலடித்தது நான்தான். அதை மறுப்பதற்காக இந்த மனுவை எழுதவில்லை. எந்த இடத்தில், எதற்காக அடித்தேன் என்பதைத் தாங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

1. நான் கல்யாணமாகி வந்த காலத்தில் கடல்ராணி டாக்கீஸில் தினமும் மூன்று காட்சி ஓடும். ஒருமுறை வில்லன் மேல் கோபப்பட்ட ரசிகர் ஒருவர் சோடா பாட்டிலை எறிந்து திரையைக் கிழித்துவிட்டார். அதைத் தைத்துக் கொடுத்தவள் அடியேன். அதன்பின் வந்த கதாநாயகிகள் அத்தனை பேருக்கும் இடது கன்னத்தில் என் தையல் இருந்தது. யாரும் குறை சொன்னதில்லை.

2. கூட்டம் குறைந்து கொட்டகையை மூடியபின் அது உப்பு மூட்டை அடுக்கும் கோடவுனாயிற்று. பிறகு கல்யாண மண்டபம். தரை திரையை நோக்கிச் சரிவாக இருக்கும் என்பதை உரிமையாளர் மறந்துவிட்டார். முதல் பந்தியிலேயே மாப்பிள்ளை வீட்டார் இலையிலிருந்த ரசம் பெண் வீட்டார் வேட்டிக்கு இறங்கியது. மண்டபமும் அதோடு சரி.

3. கடந்த ஆண்டு முதல் அங்கே சான்றிதழ் சேவை மையம் நடக்கிறது. நல்ல ஏற்பாடு, மனதாரச் சொல்கிறேன். நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு. கவுண்டர்கள் திரை இருந்த இடத்தில் இருப்பதால், எந்த நாற்காலியிலிருந்து பார்த்தாலும் அலுவலர்கள் என்ன செய்கிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். இது அவர்களுக்குச் சங்கடமாக இருப்பதாகக் கேள்வி. மக்களும் பழக்கத்தை விடாமல் துண்டு போட்டு இடம் பிடிக்கிறார்கள். தாமதமாக வருபவர்களுக்குக் காவலாளி டார்ச் அடித்து இடம் காட்டுகிறார்.

4. சென்ற புதன்கிழமை என் மகளின் முறை வந்தபோது மின்சாரம் போயிற்று. பொறுப்பு அலுவலர் திரு. லிங்கராஜ் தேநீர் குடிக்கப் போனார். மின்சாரம் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. வாசலில் நின்று போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஐயா, இந்தக் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்த இனிகோ அண்ணாச்சி, படம் ஓடும்போதே கண்ணயர்ந்துவிடுவார். ரீல் அறுந்தால் நாங்கள் விசிலடிப்போம். அவர் எழுந்து படத்தை ஓட்டுவார். ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. விசில் இங்கே வசவு அல்ல, தகவல். அந்தத் தகவலை இரண்டு விரலை நாக்கின்கீழ் வைத்து அலுவலருக்குத் தெரிவித்தேன்.

5. அவர் உள்ளே வந்து, "எவம்லே விசிலடிச்சது?" என்றார். "எவனும் இல்ல சார், நாந்தான். கரண்டு வந்துட்டுல்லா, உங்களத்தான் காணும்" என்று எழுந்து நின்றேன். "ஏம்மா, இது என்ன சினிமாக் கொட்டகையா?" என்று கத்தினார். அங்கிருந்த அத்தனை பேரும் ஒருமுறை சுற்றிலும் பார்த்தார்கள். சுவரில் 'பெண்கள் டிக்கெட் வழி' என்று இன்னும் அழியாமல் இருக்கிறது. பிறகு சிரித்த சிரிப்பில் பால்கனியிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை. நான் பயந்துபோய் நின்றிருந்தேன்.

6. உடனே என் மகளின் விண்ணப்பத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். விசிலடித்ததற்கு மன்னிப்பு எழுதித் தந்தால்தான் மேலே அனுப்புவாராம். கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழைப் பதிவேற்ற வரும் வெள்ளிக்கிழமை கடைசி. எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதிக்கப் போகும் முதல் ஆள் ரம்யா. கட்டணச் சலுகை கிடைக்காவிட்டால் எங்களால் சேர்க்க இயலாது. 

7. பிள்ளையின் படிப்பைவிட என் வீம்பு பெரிதில்லை என்று நினைத்து, நேற்று மன்னிப்புக் கடிதத்தையும் எழுதினேன். கொண்டுபோய்க் கொடுக்கும் முன் ரம்யா அதை வாங்கிப் படித்தாள். அதன் நிலையை இணைப்பில் காண்க.

எனவே, வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்குச் சான்றிதழ் கிடைக்க உத்தரவிடுமாறு தங்களை வேண்டிக்கொள்கிறேன். விசாரணை அவசியம் என்றால் விசிலடித்தவளை மட்டும் கூப்பிடுங்கள், கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். பிள்ளை விசிலடிக்கவில்லை. அவளுக்கு அது வரவும் வராது, சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
செ. சண்முகத்தாய்

இடம்: தூத்துக்குடி
நாள்: 02.06.2025

இணைப்பு:
1. விண்ணப்ப ரசீது நகல்.
2. மகளின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் நகல்.
3. மன்னிப்புக் கடிதம், நான்கு துண்டுகள். கிழித்தவர்: மேற்படி ரம்யா. கிழிக்கும்போது சொன்னது: "மொதல்ல அவரு எழுதட்டும்மா."