வைத்தி மாமாவின் அபிப்பிராயம்

1964 ஜூலை 6, திங்கள்

விடாத மழை. கொடியில் எதுவும் காயவில்லை, வேஷ்டியெல்லாம் முடை நாற்றம். இவர் ஆபீஸில் வெள்ளிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்: ரிடையர் ஆகும்போது மொத்தப் பணமா, மாதாமாதம் பென்ஷனா. அப்புறம் மாற்ற முடியாது. பென்ஷன் என்றால் இவருக்குப் பிறகு எனக்கும் கொஞ்சம் வரும். எனக்கு அதுதான் வேண்டும். மொத்தமாக வந்தால் செம்பூர் மைத்துனர் காத்திருக்கிறார், பிஸினஸ் ஆரம்பிக்க. பிறகு நான் யார் வாசலில் போய் நிற்பது? பயமாக இருக்கிறது.

இவரிடம் சொன்னேன்.

"வைத்தி மாமாவைக் கேட்டுண்டு சொல்றேன்."

அது சரி!

செவ்வாய்

தேங்காய் இல்லை. எலுமிச்சை ரசம்.

வைத்தி மாமா எதிர் பில்டிங். தினம் மூன்று பேப்பர் படிப்பவர், தமிழ்ப் பத்திரிகைக்கு அரசியல் எழுதுபவர். காலையில் இவரோடு லோக்கல் ரயில் பிடிக்க வருவார், வந்தால் காபி. போன மாதம் பென்ஷன் கட்சி. இன்று, "சர்க்காரை நம்பப்படாதும்மா. மொத்தமா வாங்கிடணும்."

இவர் குளித்துக்கொண்டிருந்தார். துணிந்து கேட்டேன்: "மொத்தப் பணம் பத்து கைக்குப் போகும் மாமா. மாசாமாசம் வர்றது ஆம்படையா கைக்குன்னா வரும்?"

"ஹும்." இன்னொரு டம்ளர் காபி கேட்டார்.

புதன்

கொஞ்சம் வெயில். அவசரமாகத் துணி உலர்த்தல்.

மாமா காபியை ஆற்றியபடி இவரிடம்: "ராத்திரி பூரா யோசிச்சேன் ஓய். மொத்தப் பணம் பத்து கைக்குப் போகும். மாசாமாசம் வர்றது ஆம்படையா கைக்கு வரும்!"

அச்சு அசல் என் பேச்சு! சமையலறைக்குள் ஓடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். இவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். நான் சொன்னால் ஏறாது. போகட்டும், ஏறினால் சரி.

வெள்ளி

மறுபடி மழை. பேப்பரில் பென்ஷன் புராணம் பாடிய யாரோ ஒரு மேதாவி கட்சி மாறிவிட்டாராம். மாமாவும் பின்னாலேயே. "பென்ஷனா? நான் ஆரம்பத்துலேர்ந்தே மொத்தப் பணந்தானே சொல்றேன்!" கட்டையிலே போற மனுஷன்! ஒரே குடையில் பேசிக்கொண்டே போனார்கள் இருவரும். பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். எந்த வேலையிலும் மனசு நிற்கவில்லை.

சாயங்காலம் இவர் தெப்பலாக நனைந்து வந்தார். கையில் மாதுங்கா மார்க்கெட் கதம்பம்.

"பென்ஷன்தான் எழுதிக் குடுத்தேன்."

"மாமா மாறிட்டாரே?"

"அவர் மாறுவார். செவ்வாய்க்கிழமை நீ சொன்னது மாறலையே. குளிக்கற ரூமுக்குத் தகரக் கதவுதானேடி, எல்லாம் கேட்டுது."

சாம்பாரில் உப்பே போடவில்லை. இவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.