வரைவில் நின்ற பதினேழு பக்கங்கள்

அன்பு மகளுக்கு,

உன் இருமல் விட்டிருக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம். எனக்கு வேலை போய்விட்டது கண்ணு. இந்த மாதக் கடைசியோடு லேபுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பரிசோதனை முடிவுகளை இனி மெஷினே அச்சடித்துவிடும், தட்டச்சுக்கு ஆள் தேவையில்லை என்ற பேச்சு வந்ததை உனக்குச் சொல்லியிருந்தேன். மூன்று மாதத்தில் லேபுக்கு ஓர் இணையதளம் செய்து கொடுத்தால் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் என்னை வைத்துக்கொள்வதாக டாக்டர் சொன்னார். நீதான் "கோடிங் எல்லாம் எழுத வேண்டாம்மா, கட்டம் கட்டமா இருக்கும், நிரப்பினாப் போதும்" என்று இணையதளம் செய்யும் வகுப்பில் சேர்த்துவிட்டாய். முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கம், மெனு, தீம், பிளகின் என்று ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் தலைப்புப் போட்டு நோட்டு நிறைய எழுதினேன். பக்கத்து நாற்காலித் தையல்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா, பரீட்சை வச்சா என்னை உங்க பக்கத்துலயே போடச் சொல்லுங்க" என்பார். அவருடைய தளத்தில் எழுத்தெல்லாம் கோணல், ஒரு சட்டைப் படம் தலைகீழ். ஆனால் இரண்டாவது வாரமே அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் அளவு கொடுக்க வந்தார்களாம். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு, இப்படி அரைகுறையாக ஊருக்குக் காட்டலாமா என்று.

நான் பதினேழு பக்கம் செய்தேன். எந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு, எதற்குச் சாப்பிட்டு வரலாம், ஊசி என்றால் அழும் குழந்தையை எப்படி மடியில் வைத்துக்கொள்வது, எல்லாம். என் கம்ப்யூட்டரில் கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்து பார்க்கும்போதெல்லாம் பளிச்சென்று இருந்தது. போன வாரம் டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டு, தன் போனில் தளத்தின் முகவரியைப் போட்டார். வந்தது ஒரு காபி கப் படம். அதன் கீழே, இது ஒரு மாதிரிப் பக்கம் என்று ஒரு வரி. அவ்வளவுதான். அவர் போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மூணு மாசமா இந்தக் கப்பைத்தான் கழுவிட்டிருந்தீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் கம்ப்யூட்டரில் வருகிறதே என்றேன். "எங்க போன்லயும் வரணும்லக்கா" என்றாள் மேலாளராக இருக்கும் பெண். நான் ஓடிப்போய் என் கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் வகுப்பு டீச்சர் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாமே வரைவுலயே இருக்கு. 'வெளியிடு' பட்டனை நீங்க ஒரு தடவைகூடத் தொடலையே" என்றாள். யார் கையெழுத்துப் போட்ட பிறகு தொடலாம் என்று கேட்டேன். "நீங்கதாங்க்கா. வேற யாரும் இல்ல" என்றாள்.

உனக்குத் தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. வேலையில் சேர்ந்த இரண்டாவது வருஷம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒருவர் கெஞ்சியதால் கையெழுத்தாகாத ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு எண் தப்பு. அந்த மனுஷன் நாலு நாள் இல்லாத வியாதிக்கு மாத்திரை தின்றார். அன்றிலிருந்து இருபத்தொரு வருஷமாக, நான் அடிப்பேன், சரிபார்ப்பேன், கையெழுத்துத் தட்டில் வைப்பேன், கையை எடுத்துவிடுவேன். இங்கேயும் அதையேதான் செய்திருக்கிறேன். சேமித்துவிட்டு, டாக்டர் எப்போதாவது பார்த்து ஒரு சரி போடுவார் என்று மூன்று மாதம் காத்திருந்திருக்கிறேன். அப்படி ஒரு தட்டே அங்கே இல்லை என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

டீச்சர் சொன்னதற்கு மறுநாள் போய் டாக்டரிடம் விளக்கினேன். தள வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். கோபமாகக்கூட இல்லை. "உங்க தட்டச்சுல ஒரு பிழை பார்த்ததில்லம்மா" என்றார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இந்த வயதில் எந்தக் கதவைப் போய்த் தட்டுவேன்? அப்பா முடிவெட்டும் கடையில் என்னைக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று சொல்லி வைத்திருக்கிறார். எதை அழுத்தினால் உன் தளம் வரும் என்று தினமும் கேட்கிறார். இன்னும் சரிபார்க்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் டிபன் டப்பாவை அவர் கழுவி வைக்கும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நேற்று தளத்துக்குள் போனேன், கடவுச்சொல்லை அவர்கள் இன்னும் மாற்றவில்லை. வெறும் வயிற்றோடு வருபவர்கள் தண்ணீர் குடிக்கலாம் என்று எழுதிய பக்கம்தான் எனக்குப் பிடித்தது. அதையாவது வெளியிடலாம் என்று மவுஸ் அம்பை 'வெளியிடு' பட்டன் மேல் கொண்டுபோனேன். விரல் அழுந்தவில்லை கண்ணு. கம்ப்யூட்டரை மூடிவிட்டேன்.

உனக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெரிய பதவிக்கு எழுதிய விண்ணப்பம், இன்னும் ஒரு தடவை திருத்த வேண்டும் என்று இரண்டு மாதமாகக் கம்ப்யூட்டரிலேயே வைத்திருக்கிறாயே, அந்தக் குணம் என்னுடையது. வேண்டாம், அதை என்னோடு விட்டுவிடு. பிழையோடு போனாலும் போகட்டும், இன்றைக்கே அனுப்பு.

நீ நன்றாக இருக்க வேண்டும், எதற்கும் குறையில்லாமல் இருக்க வேண்டும். வேலை போனதை அப்பாவிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தில் மூன்று இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறேன், வேறு தாளில் படி எடுக்க மனசு அரிக்கிறது. எடுக்காமல் உறையை ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா