தானே வந்த தோணி

ஜூன் 20, 2024

காலமான என் அத்தை வேலம்மாள் செய்ததை அம்மன் செய்ததாகக் கல்லில் வெட்டிவிட்டார்கள். புயல் வருஷம் ஆண்கள் எல்லாரும் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டார்கள். மணல்திட்டில் தவித்த பெண்களையும் பிள்ளைகளையும் உப்பனாற்று வெள்ளத்தில் கழி ஊன்றிக் கரை சேர்த்தவள் அவள். அவள் காலைக் கட்டிக்கொண்டு அந்தத் தோணியில் கிடந்தவள் நான். கோயிலில் இன்று பதித்த கல் சொல்கிறது: ‘அம்மன் அருளால் தோணி தானே கரை வந்தது.’

தானே வந்ததாம். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றது இதைப் படிக்கத்தானா?

ஜூன் 21

ஊர்த் தலைவர் கதிர்வேலிடம் கேட்டேன்.

“பொம்பள தோணி ஏறுனான்னு கோயில்லயே எழுதச் சொல்றியா பெரியம்மா? அப்புறம் மீன் படுமா? அம்மன்னா மரியாத ஜாஸ்திதானே.”

அவள் ஏறிய பிறகு இத்தனை வருஷம் மீன் படவில்லையா? அவன் மாடி வீடு எதில் எழும்பியது?

ஜூலை 2

சிதம்பரத்தில் மீனை விற்றுவிட்டு அண்ணாமலை நகர் போனேன். அங்கே அனுப்பிரியா என்ற பெண் இந்தப் பக்கத்துப் பெண்களின் கதைகளைப் பதிவு செய்கிறாள். கேட்டுவிட்டு, “ஒரு பெண்ணையே தெய்வமா ஆக்கிட்டாங்க, அருமையா இருக்கும்மா” என்றாள். நல்ல பிள்ளைதான். ஆனால் அத்தையின் உள்ளங்கை உரிந்து, குவளை பிடிக்க முடியாமல் போனபோது நான்தான் கூழ் ஊட்டினேன். அம்மனுக்கு அன்று யார் ஊட்டினார்கள்?

ஜூலை 9

அந்தக் காலப் பஞ்சாயத்தில் இன்று உயிரோடு இருப்பவர் ராஜாமணி மாமா மட்டும். “அம்மன்னு நாங்க சொல்லல மகேசு. வேலம்மாவே சொன்னா. ‘நா ஓட்டல, அம்மன் எம்மேல ஏறி ஓட்டுனா’ன்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணா” என்றார்.

அத்தையா?

ஜூலை 10

உலை வைக்கவில்லை.

ஜூலை 11

மறுபடி போனேன். “எதுக்கு மாமா சத்தியம் பண்ணா?”

“தோணி ஏறுனதுக்கு ஊர விட்டுத் தள்ளி வைக்கறதா பேச்சு.”

“அந்தத் தோணில உங்க பொண்டாட்டியும் வந்தாங்களே.”

“வந்தா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அம்மன்னு சொன்னதும் எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டோம். எங்களுக்கும் வசதியா போச்சு.”

எங்கள் உயிரைக் காப்பாற்றியவள் பொய் சொல்லித் தப்ப வேண்டியிருந்திருக்கிறது. வெட்கப்பட வேண்டியவள் அவளா? அந்தப் பொய்யைத்தான் கல்லாக்கியிருக்கிறார்கள். விடமாட்டேன்.

ஜூலை 28

மீன் மார்க்கெட்டில் பெண்களிடம் எல்லாம் சொன்னேன். அவள் பெயர் ஏறும் வரை ஆடிக் கூழுக்கு எந்த வீட்டிலும் மாவு கரைப்பதில்லை என்று முடிவு. கதிர்வேலின் மனைவி மாலதிதான் முதலில் சொன்னாள்: “தோணி தானே வந்துச்சில்ல அத்தே? கூழும் தானே வரட்டும்.”

ஆகஸ்ட் 5

கதிர்வேல் வந்தான். “வெள்ளிக்கிழம கூழு பெரியம்மா. ஓரமா பேரு போட்டுடறேன்.”

ஓரமாக வேண்டாம் என்றேன். வாசலிலேயே நின்றான்.

“சரி, என்ன எழுதணும்? சொல்லு.”

சொன்னேன். இங்கேயும் இருக்கட்டும்.

பழைய கல்லைப் பெயர்ப்பது கதிர்வேல். புதுக் கல்லில், ‘தோணி ஓட்டியவள் வேலம்மாள். ஊருக்குப் பயந்து அம்மன் பெயரைச் சொன்னாள்’ — இரண்டு வரியும் வேண்டும். இரண்டாவது வரியை ஊர் கேட்கப் படிப்பது ராஜாமணி மாமா. மாமா சொன்னதையும் சேர்த்துத் தன் பதிவைத் திருத்துவது அனுப்பிரியா. வியாழன் சாயங்காலம் மாவு கரைப்பது மாலதி.

முதல் குவளை அம்மனுக்கு. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்தது, புதுக் கல்லின் முன்னால், அத்தைக்கு. ஊட்டுவது நான்.