இரண்டு மதிப்பெண் மனைவி

மகளின் அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய புத்தகம் வந்தது. அந்த ஆங்கில நாடகாசிரியரின் வாழ்வையும் நாடகங்களையும் மாணவர்களுக்கு விளக்க நீங்கள் எழுதிய ஏழாவது வழிகாட்டி. ஓய்வு பெற்றுவிட்டதாகவும் இனி வீட்டுக்கே வந்துவிடுவதாகவும் முதல் பக்கத்தில் கையால் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

முழுவதும் படித்தேன். கல்லூரி வாசலை மிதிக்காதவள்தான். நீங்கள் வேலை வேலை என்று தலைநகரத்திலேயே தங்கிவிட்ட வருடங்களில், அகராதியை வைத்துக்கொண்டு அந்த நாடகங்களை நானாகவே படித்து முடித்தேன். உங்கள் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. சொல்லப்போனால், அதில் விளக்கமே இல்லை.

ராஜாக்களின் சாவுக்கெல்லாம் பத்து மதிப்பெண் கேள்வி. அந்த நாடகாசிரியர் பிள்ளைகளோடு ஊரிலேயே விட்டுவிட்டுப் போன மனைவிக்கு இரண்டு மதிப்பெண். விடையையும் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்: "அவர் குடும்பத்தைக் கவனித்துக்கொண்டார்." எழுதும்போது கை கூசவில்லையா? இதையும் பாவம், பிள்ளைகள் மனப்பாடம் செய்யப்போகிறார்கள்.

மகளிடம் காட்டினேன்.

"அப்பா மாறவே மாட்டாரும்மா. ஆனா வயசாயிடுச்சில்ல, வரட்டுமே" என்றாள்.

"வயசு அவருக்கு மட்டுந்தான் ஆச்சாடி?" என்றேன்.

அவளுக்காகச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள். இத்தனை வருடங்களாக இந்த வீட்டில் நான் என்ன செய்தேன், எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் அதில் எழுதுங்கள். ஒரு பக்கம் தேறினால் கதவைத் திறக்கிறேன்.

மகளிடம் கேட்டு எழுதக் கூடாது.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்